பானிபட்டும் ப்ளூடூத்தும்

அச்சுப் புத்தகத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஓரத்தில் யாரைப் பற்றி என்ன கிறுக்கினாலும் வாயைத் திறக்காது. இது எனக்குப் புரிய ஒரு காதுகுத்து தேவைப்பட்டது.

அப்போது நாமக்கல்லில், வீட்டிலிருந்தபடியே அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எதையும் சொந்தக்காரர்களோடு முடிச்சுப் போட்டால்தான் எனக்கு மனதில் நிற்கும். கைடுகளின் ஓரமெல்லாம் அத்தைகளும் மாமாக்களும்தான். திடீரென்று நவீனமாகும் ஆசை வந்தது. புத்தகங்களைக் கட்டிவைத்துவிட்டு, எல்லாவற்றையும் என் குரலிலேயே போனில் பதிந்தேன். (நடந்துகொண்டே படிக்கலாமாம். நடந்தேன், படிப்புதான் நடக்கவில்லை.)

தேர்வு நெருங்கிய சமயம், மோகனூரில் அக்கா மகனுக்குக் காதுகுத்து. மண்டபத்து ஸ்பீக்கரில் சாமி பாட்டுப் போட என் போனைத்தான் ப்ளூடூத்தில் இணைத்தார்கள். பாட்டு முடிந்ததும் போனோடு மாடியறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இணைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டேன். பதிவை ஓடவிட்டால் காதில் மாட்டிய இயர்போனில் சத்தமே இல்லை. ஒலியை முழுதாகக் கூட்டினேன்.

கீழே என் குரல் முழங்கியது.

“வாதாபிய எரிச்சது நரசிம்மவர்மன். நம்ம பெரியப்பா மாதிரி, கோவம் வந்தா ஊரையே கொளுத்திருவாரு. காத்துல நைட்ரஜன் எழுபத்தெட்டு சதவீதம். செல்வம் மாமா பேச்சுல பொய் அவ்வளவு.”

விழுந்தடித்து இறங்கினேன். போன் ஹேங் ஆகிவிட்டது. எதை அமுக்கினாலும் நிற்கவில்லை.

“பானிபட்ல மூணு போரு. மல்லிகா அத்தையும் ராணி சித்தியுமாட்ட, ஒரே எடத்துல திரும்பத் திரும்ப.”

பல வருடம் பேசாமலிருந்த அந்த இருவரையும் அம்மா கெஞ்சிக் கூத்தாடி அன்றுதான் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள். அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

அத்தை மெதுவாகத் திரும்பினார். “ஏம்புள்ள ராணி, இவ பேசறதக் கேட்டியா?”

“கேட்டனுங்க அண்ணி. நாம என்னைக்குங்க சண்டை போட்டோம்?”

இருவரும் கைகோத்து என்னை நோக்கி வந்தார்கள். “எவ அவ? இங்க வரச் சொல்லு!” என்று பெரியப்பா நாற்காலியை உதைத்து எழுந்தார். வாதாபி மறுபடியும் எரியப்போகிறது என்று மண்டபமே சிரித்தது. கடைசியில் அவரும் சிரித்துவிட்டார்.

ஊர் திரும்பியதும் புத்தகக் கட்டைப் பிரித்தேன். எந்தப் பாடம் எந்தப் பக்கத்தில், எந்தக் கிறுக்கலுக்குக் கீழே என்று கண்ணை மூடினாலும் தெரிந்தது. தேர்விலும் தேறினேன்.

செல்வம் மாமா இப்போது இல்லை. இருந்தவரை எதைச் சொன்னாலும், “இது மீதி இருபத்திரண்டுல வருது சாமி” என்றுதான் ஆரம்பிப்பார். இன்றும் எங்கள் வீட்டில் யாராவது சத்தியம் செய்தால், “இருபத்திரண்டா, எழுபத்தெட்டா?” என்றுதான் கேட்கிறோம்.