ஒரு வாரம் பேசக் கூடாது

"சார், இந்த ஜோக் பரீட்சைக்கு வருமா?"

முதல் பெஞ்சு மாணவி கேட்டபோதுதான், தன் ஜோக் படுத்துவிட்டது என்று புள்ளியியல் பேராசிரியருக்குப் புரிந்தது. யாரும் சிரிக்கவில்லையே என்று அதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருந்தார். வகுப்பே அதைப் பயபக்தியுடன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தது.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'தாலாட்டு'. இருபத்தாறு வருடத்தில் மனிதர் ஒரு வகுப்புக்கும் தாமதமாக வந்ததில்லை. எந்த வகுப்பும் முழுதாக விழித்திருந்ததும் இல்லை. போன வாரம் துறைத் தலைவர் கூப்பிட்டு, "பசங்க ரசிக்கிற மாதிரி ஏதாவது பண்ணுங்க சார். இல்லேன்னா உங்களை ஆபீஸ் வேலைக்கு மாத்திடுவாங்க" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாக்பீஸைத் தொடாத ஒரு நாளை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஜோக் யோசனை மனைவியுடையது.

"ஏங்க, ஜோக்கை யாராவது விளக்குவாங்களா?"

"அவங்களுக்குப் புரியலைன்னா?"

"போதும், ஜோக்கே வேண்டாம். நீங்க ஒரே மாதிரி இழுத்து இழுத்துப் பேசறீங்க. கொஞ்சம் ஏத்தி இறக்கிப் பேசுங்க."

மறுநாள் குரலை ஏற்றினார். இறக்க மறந்துவிட்டார். "சராசரி!" என்று அவர் போட்ட போட்டில், கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தவன் "உள்ளேன் ஐயா!" என்று அலறிக்கொண்டு எழுந்தான். பக்கத்து வகுப்புப் பேராசிரியை ஓடிவந்து, "யாருக்காவது அடிபட்டுடுச்சா?" என்று கேட்டார்.

மூன்று நாள் இப்படிக் கத்தியதில் தொண்டை கரகரத்தது. கல்லூரிக்கு எதிரே இருந்த கிளினிக்குக்குப் போனார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"என்ன பாடம் எடுக்கறீங்க?"

"புள்ளியியல்."

டாக்டர் டார்ச்சை அணைத்தார். "ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது. ஒரு வார்த்தைகூட!"

லீவு போட மனம் வரவில்லை. மறுநாள் வகுப்பில் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்துவிட்டுப் பலகையில் ஒரு கணக்கை எழுதினார்: 'பஸ் தாமதமாக வரும் வாய்ப்பு நூற்றுக்கு இருபது. ஐந்து நாளில் ஒரு நாளாவது தாமதமாகும் வாய்ப்பு என்ன?'

"இருபதா? அந்த பஸ்லதான் சார் நான் தினமும் வரேன். எண்பது போடுங்க!" என்றான் கடைசி பெஞ்சுக்காரன்.

"நானும் அதே பஸ்தான். பஸ் லேட் இல்ல, நீதான் லேட்!" என்றாள் நடு பெஞ்சிலிருந்து ஒருத்தி.

வகுப்பு சிரித்தது. பேராசிரியரும் சிரித்துக்கொண்டே சாக்பீஸை நீட்டினார். ஒருவன் எழுத, இன்னொருத்தி அழிக்க, பலகை முன்னால் கூட்டம் கூடிவிட்டது.

"ஒரு நாளும் லேட் ஆகாம இருக்கிறதை முதல்ல கண்டுபிடிங்கப்பா. அதை ஒண்ணுல இருந்து கழிச்சா முடிஞ்சுது!" என்று முதல் பெஞ்சு மாணவி கத்தினாள்.

'சபாஷ்!' என்று சொல்ல வாயைத் திறந்தவர், டாக்டர் ஞாபகம் வந்து மூடிக்கொண்டு கையைத் தட்டினார். மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

வார முடிவில் வேறு வகுப்புப் பிள்ளைகளும் வந்து ஜன்னலோரம் நின்றார்கள். "என்ன மாயம் சார் பண்ணீங்க?" என்று துறைத் தலைவர் முதுகில் தட்டினார். ஆபீஸ் வேலைப் பேச்சு அதோடு போயிற்று. வீட்டில் மனைவியும், "கல்யாணமான நாள்ல இருந்து காபியை இவ்வளவு நிம்மதியா குடிச்சதில்லைங்க" என்றார்.

ஏழாவது நாள் தொண்டை நன்றாகவே இருந்தது. அதுதான் கவலை. கிளினிக்குக்கு ஓடினார். டாக்டர் வெளியே போயிருந்தார். நர்ஸம்மாவிடம் ஒரு சீட்டை நீட்டினார்: 'இன்னும் ஒரு வாரம் பேசக் கூடாது என்று டாக்டர் எழுதித் தருவாரா?'

படித்துவிட்டு நர்ஸம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"உங்க தொண்டையில அன்னிக்கே பெரிசா ஒண்ணும் இல்ல சார். டாக்டரோட பொண்ணு உங்க கிளாஸ்லதான் படிக்குது. 'உங்க சார் என்னிக்காவது இருமிக்கிட்டு என்கிட்ட வரட்டும், மிச்சத்தை நான் பாத்துக்கறேன்'னு பொண்ணுக்கு வாக்கு குடுத்திருந்தாரு!"