மனுசக் கை படாத ரோபோ

"ஏம்மா ஷமா, மறுபடியும் கிழிச்சிருச்சா?"

"கிழிக்கலை சார். ஏடு எங்க இருக்குன்னே கண்டுபிடிக்க மாட்டேங்குது," என்றாள் ஆய்வு மாணவி ஷமா.

ரோபோவைக் குறை சொல்ல முடியாது. அது அடுக்க வேண்டிய கிராஃபீன் என்னும் கார்பன் ஏட்டுக்கு ஒற்றை அணுத் தடிமன்தான். அதைப் பிசின் முனையால் ஒற்றியெடுத்து, இன்னொரு ஏட்டின்மேல் வைக்க வேண்டும். ஆனால் பேராசிரியர் இனிகோ குறை சொன்னார்.

"பெங்களூர் லேப்ல நானே பாத்தேன். மனுசக் கையே படலை. அம்புட்டு அழகா அடுக்குச்சு. அதைப் பாத்துட்டு வந்துதானே வருசக்கணக்கா கெஞ்சி இதை வாங்குனேன்!"

செத்த நேரத்தில், ரோபோவுக்குப் பணம் கொடுத்த அமைப்பிலிருந்து டாக்டர் மகேஸ்வரி அதைச் சோதித்துப் பார்க்க வருகிறார். வயதில் சின்னவர். ஆனால் அவர் உதட்டைப் பிதுக்கினால் ரோபோ திண்டுக்கல்லை விட்டுப் போய்விடும். இனிகோ கனவில் உட்கார்ந்திருந்த துறைத்தலைவர் நாற்காலியும் அதே லாரியில் ஏறிவிடும்.

காற்றுதான் காரணமென்று இனிகோ ஃபேனை நிறுத்தினார். வெக்கையில் பிசின் இளகி, ஏற்கெனவே அடுக்கியதையும் பிடுங்கிக்கொண்டது. ஏசியைக் கூட்டினார். பிசின் இறுகி ஏடு கிழிந்தது.

"ஜாய்ஸ்டிக் வச்சு நானே ஓட்டிரவா சார்?"

"ஓட்டு. ஆனா மேசைக்கடியில உக்காந்து ஓட்டு!"

மறைக்கத் துணி? நாகல் நகரில் ஷமாவின் மாமு அப்பாஸுக்குப் பிரியாணிக் கடை. அங்கிருந்து மேசைவிரிப்பு ஆட்டோவில் பறந்து வந்தது, மிளகு மசாலா நெடியோடு. ஷமா லேப்டாப்பும் ஜாய்ஸ்டிக்குமாக விரிப்புக்குள்ளே போனாள்.

மகேஸ்வரி வந்தார்.

"இதுல மனுசக் கையே படாது மேடம்," என்று இனிகோ நெஞ்சை நிமிர்த்தினார்.

ரோபோவின் கை மெல்ல இறங்கி ஏட்டைத் தொட்டது.

"அச்சு!" என்றது மேசை. கை துள்ளிக் குதித்தது.

"அது... தூசி இருந்தா தானே ஊதிக்கும் மேடம். புது வசதி."

"பெங்களூர் ரோபோவுல இது கிடையாதே?"

"இது அதுக்கும் மேல மேடம்!"

ரோபோ இன்னும் இரண்டு தடவை பலமாக ஊதிக்கொண்டது. ஒருவழியாகக் கடைசி ஏடும் அடுக்கில் போய் உட்கார்ந்தது. மகேஸ்வரி ஒப்புதல் கையெழுத்துப் போட்டார். இனிகோவுக்கு மூச்சு வந்தது.

மகேஸ்வரி குனிந்து மேசைவிரிப்பைத் தூக்கினார். இனிகோவுக்கு வந்த மூச்சு நின்றது. கைக்குட்டையை உள்ளே நீட்டிச் சொன்னார் மகேஸ்வரி:

"மூக்கைத் தொடச்சுக்கம்மா. பெங்களூர்ல உங்க சார் வாயைப் பிளந்துக்கிட்டுக் கைதட்டுன அன்னிக்கு, மேசைக்கடியில இருந்தது நான்தான்."