பாட்டிலில் எழுந்தருளிய நல்ல பாம்பு

பாம்பைக் கண்டால் பயப்படாதவர்கள் குறைவு. ஆனால் செத்து, ஃபார்மலினில் ஊறி, பாட்டிலுக்குள் சுருண்டு கிடக்கும் பாம்பைக் கண்டும் நடுங்குகிற விலங்கியல் ஆசிரியர் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவில் பள்ளி ஒன்றில் தற்காலிக வேலை பார்த்தான். (பெரிய காலர், மெலிந்த உடம்பு. போட்டோ இருக்கிறது, காட்டமாட்டேன்.)

பிளஸ் டூ அப்போதுதான் வந்திருந்தது. அறிவியல் பிரிவுக்கு அனுமதி கிடைத்தால் என் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மேலநீலிதநல்லூருக்குப் பஸ் ஏறி, அப்பாவின் பருத்திக்காட்டில் இறங்க வேண்டியதுதான். பார்வையிட ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. அவருக்குக் காட்டுவதற்காக, ஏதோ ஒரு கல்லூரி கழித்துப் போட்ட பாட்டில்களை வாங்கிவந்து ஒரு வகுப்பறையை அருங்காட்சியகமாக்கினோம். தவளை, தேள், இரட்டைத்தலை ஆட்டுக்குட்டி, நடுநாயகமாக ஒரு நல்ல பாம்பு.

தலைமையாசிரியருக்கு ஒரு யோசனை தோன்றியது. "ஆடித்தபசுத் திருநாளுக்கு ஊரே கூடுதுல்லா வே? அன்னைக்குத் தொறந்து வச்சு, பார்வையாளர் நோட்டு நெறையக் கையெழுத்து வாங்கிருவோம். அதிகாரி அசந்துருவாரு."

தபசன்று காலை பாம்புப் பாட்டிலை மேசைக்குத் தூக்கினேன். திரவம் ஆடியது. பாம்பு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தது. நான் படித்த எம்.எஸ்ஸி. முழுவதும் அந்த ஒரு பார்வையில் கரைந்து போய்விட்டது. சட்டைப்பையில் அம்மா மடித்துக் கொடுத்த கோயில் புற்றுமண் இருந்தது. அதைக் குழைத்து, பாட்டிலின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்து, "மன்னிச்சிரும்யா" என்று சொல்லிவிட்டு நோட்டு வாங்கக் கடைக்குப் போனேன்.

திரும்பி வருவதற்குள், பனவடலிசத்திரத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் பொட்டைப் பார்த்துவிட்டார். பாம்பு பயம் தீரக் கோயில் உண்டியலில் போடக் கொண்டுவந்த தகட்டுப் பாம்பைப் பாட்டில் முன்னால் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து அடுத்தவர் மஞ்சள் வைத்தார். கோயிலில் ஆடிச்சுற்றுச் சுற்ற வந்தவர்கள் மேசையையும் சுற்ற ஆரம்பித்தார்கள்.

"எம்மா, இது படிக்கிற பிள்ளைகளுக்கு வச்சிருக்கு" என்று கெஞ்சினேன்.

"அப்பம் பொட்டு யாரு வச்சா?" என்றார் அந்த அம்மாள். நான் கட்டைவிரலைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

யாரோ மூடியைத் திறந்து ஒரு செம்புப் பாலை ஊற்றினார்கள். ஃபார்மலின் நெடி குப்பென்று கிளம்பியது. அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்.

"ஏட்டி, எனக்குக் கண்ணீரா வருது! சத்தியமான சாமி!"

பாம்பு வெள்ளைப் பாலுக்குள் மறைந்தது.

அப்போதுதான் குடும்பத்தோடு தபசு பார்க்க வந்த அதிகாரி, அப்படியே பள்ளியையும் பார்த்துவிடலாம் என்று உள்ளே நுழைந்தார். ஷூவைக் கழற்றச் சொல்லி வாசலிலேயே ஒருவர் அதட்டினார். அதிகாரி கழற்றினார். உள்ளே வந்ததும் அவர் கண்ணும் கலங்கியது. தலைமையாசிரியர் என் காதில், "உருகிட்டாரு வே!" என்றார்.

"பாம்பு எங்கய்யா?" என்று கேட்டார் அதிகாரி.

"பாலுக்குள்ள இருக்கு சார்."

"முதல்ல இதுக்குப் பொட்டு வச்சது யாரு?"

தலைமையாசிரியர் கூரையைப் பார்த்தார். நான் என் கட்டைவிரலைப் பார்த்தேன். புற்றுமண் இன்னும் போகவில்லை. "நான்தான் சார்" என்றேன்.

"நீங்க என்ன பாடம் எடுக்குறீங்க?"

"விலங்கியல் சார்."

அவர் மேசையைச் சுற்றிக்கொண்டிருந்த தம் மனைவியை மூன்றாவது சுற்றில் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். நோட்டில் அவர் எழுதிய ஒரே வரி: 'மாதிரிகள் பார்வைக்குக் கிடைக்கவில்லை.'

அந்த வருஷம் அனுமதி வரவில்லை. வேலை போயிற்று. கடைசி நாள் பாட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதேன். எல்லா மூடிகளும் இறுக்கமாக மூடித்தான் இருந்தன. அதன்பின் உரக்கடை, பருத்திக் கமிஷன், எல்லாம் பார்த்தேன். பாடம் நடத்த மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

எங்கள் வீட்டில் யார் கண் கலங்கினாலும், வெங்காயமானாலும் இழவு வீடானாலும், "மூடியத் தொறந்தது யாரு?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

பல வருஷங்களுக்குப் பிறகு என் மகள் ஓர் உத்தரவுக் கடிதத்தை நீட்டினாள். அரசுப் பள்ளி, விலங்கியல் ஆசிரியை. நிரந்தரம் என்று போட்டிருந்தது. அந்தச் சொல்லுக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

"யப்பா, மூடியத் தொறந்தது யாரு?" என்றாள்.

"நீதான் மக்கா" என்றேன்.