அப்பா ஸ்பானிஷ் கற்ற வாரம்

சிரிப்பு வரும். சத்தியம். ஆனால் இப்போது வராது. சனிக்கிழமை காலை ஆறே காலுக்குத்தான் வரும். ஒரு வாரம் முழுக்க நான் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நீங்கள் ஐந்து நிமிடம் இருக்கக் கூடாதா?

நான் யோர்லேனி. வயது பதினைந்து. புவெர்த்தோ கராகோலில் என் தொண்டைக்குள் வராத குரல் இல்லை. ஒருமுறை பாதிரியார் குரலில் தெரு நாயை ஆசீர்வதித்தேன். அன்றிலிருந்து அது ஞாயிற்றுக்கிழமைகளில் குரைப்பதில்லை.

எங்கள் ஊருக்கு இரண்டு தொழில். ஒன்று கடல். இன்னொன்று ஸ்பானிஷ். குளிர் நாட்டுக்காரர்கள் ஒரு வாரத்துக்கு வருவார்கள். காலையில் பள்ளியில் மொழி கற்று, மதியம் மணலில் கிடந்து, தக்காளி நிறத்தில் ஊர் திரும்புவார்கள். தங்குவது எங்களைப் போன்றவர்கள் வீட்டில்தான். எங்கள் வீட்டில் நல்ல மின்விசிறி, நல்ல தலையணை, மாமர நிழலில் தொங்கும் வலை ஊஞ்சல் எல்லாம் மாணவருக்கே. அம்மா மாணவர்களிடம் பேசும் குரல் தேனில் ஊறிய பப்பாளி. அப்பாவிடம் பேசும் குரல் அதே பப்பாளியை நறுக்கும் கத்தி.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அப்பாவின் சுற்றுலாப் படகு எஞ்சின் செத்து, உதிரி பாகத்துக்காகக் காத்திருந்தது. மூன்று வாரம் ஆகுமாம். இது எப்படித்தான் மலை மேல் இருக்கும் அனீபல் மாமாவுக்குத் தெரிந்ததோ, போன் வந்துவிட்டது. அம்மாவின் அண்ணன். காப்பித் தோட்டக்காரர். பழம் பழுத்துவிட்டது, பறிக்கக் கை போதவில்லை.

பதினோரு வருடமாக இதே போன். பதினோரு வருடமாக அப்பாவுக்கு ஒரு நோவு. முதுகு, கழுத்து, காது, ஒரு வருடம் பௌர்ணமி. இந்த முறை வலது முட்டி.

"மச்சான், வரணும்னு உயிர் துடிக்குது. முட்டிதான் மடங்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு, முட்டியை மடக்கி உட்கார்ந்தார்.

அம்மா திட்டவில்லை. மாமாவிடம் ஆள் அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருந்தது அவள். நான் பயந்தேன். அம்மா திட்டினால் வெறும் மழை. திட்டாவிட்டால் புயல் எங்கேயோ உருவாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அதே மாலை பள்ளியிலிருந்து செய்தி. வர இருந்த ஜெர்மன்காரப் பெண்ணுக்குக் காய்ச்சல், வரவில்லை. முன்னறை காலி. அப்பாவின் கண்ணில் விளக்கெரிந்தது.

"செனெய்தா! இந்த வாரம் நான்தான் மாணவன்!"

"என்னங்க உளறல்? உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியாதா?"

"நாப்பத்தெட்டு வருஷமா பேசறேன், இந்த வீட்ல ஒருத்தருக்காவது புரிஞ்சிருக்கா? ஊஞ்சல், மின்விசிறி, தட்டு நிறைய பொரிச்ச வாழைப்பழம். மாணவனுக்கு உண்டானது எல்லாம் எனக்கும் வேணும். ஒண்ணு குறைஞ்சாலும் ஒத்துக்க மாட்டேன்!"

"எல்லாமேவா?"

"எல்லாமே!"

"பாதியில விட்டுட்டு ஓடக் கூடாது."

"ஊஞ்சல்லேருந்து எவன்டி ஓடுவான்?"

அம்மா அலமாரியிலிருந்து பதிவுப் படிவத்தை எடுத்து நீட்டினாள். அப்பா கடைசி வரியை மட்டும் படித்தார். "சனிக்கிழமை, மலைப் பயணம். மதியச் சாப்பாடு உண்டா?"

"உண்டு. மூணு வேளையும் உண்டு."

ஒரு நாள் பயணத்தில் எதற்கு மூன்று வேளை என்று கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. வால் நீட்டிக் கையெழுத்துப் போட்டார். ஆசிரியை வேலை எனக்கு.

திங்கட்கிழமை காலை அம்மா பப்பாளித் தட்டோடு வந்தாள். ஒவ்வொரு சொல்லாக, கையை ஆட்டிப் பேசினாள். "மாணவரே... உங்களுக்கு... தூக்கம்... நல்லா... வந்ததா?"

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கல்யாணமாகி இருபது வருஷத்துல இதை யாரும் கேட்டதில்ல."

எட்டு மணிக்கு வகுப்பு. தலைமையாசிரியை டோன்யா எர்மெலிண்டாவின் மூக்கால் பேசும் குரலை மாட்டிக்கொண்டு நான் வந்தேன். "மாணவர் எவேலியோ! உங்களைப் பற்றி மூன்று வாக்கியம்!"

"நான் எவேலியோ. நான் படகுக்காரன். நான் கடுமையா உழைப்பவன்."

"மூன்றாவது வாக்கியத்தில் பிழை. ஊஞ்சலிலிருந்து எழுந்து சொல்லுங்கள்."

"அடியே, நான் உன் அப்பன்டி!"

"வகுப்பில் உறவுமுறை கிடையாது."

செவ்வாய்க்கிழமை தேர்வு. எங்கள் கரைக்காரர்கள் எல்லோரையும் போல அப்பாவும் ஒவ்வொரு சொல்லிலும் பாதியை விழுங்கினார். பூஜ்யம் போட்டேன். பிறந்ததிலிருந்து பேசும் மொழியில் பூஜ்யம் வாங்கிய முதல் மனிதர் என்று அதற்கும் பெருமைப்பட்டு, ஊஞ்சலில் புரண்டு படுத்தார்.

புதன்கிழமை கொஞ்சம் கலவரப்பட்டார். என்னை ஓரமாக அழைத்தார்.

"உங்கம்மா மூணு நாளா திட்டலை. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"மாணவர்களை அம்மா எப்பப்பா திட்டியிருக்கா?"

"ஆமால்ல?" என்று தெளிந்தார். "நான்தான் முட்டாள். முன்னாடியே சேர்ந்திருக்கணும்."

வியாழக்கிழமை நடன வகுப்பு. அதுவும் மாணவருக்கு உண்டானதுதான். அம்மாவே ஆட வந்தாள். கொல்லையில் வானொலியை வைத்தேன். சும்மா சொல்லக் கூடாது, அப்பா ஆடினார் பாருங்கள்! சுற்றினார், குனிந்தார், அம்மாவை ஒரு கையில் சாய்த்து, வலது முட்டியைத் தரையில் ஊன்றி, துள்ளி எழுந்தார். அம்மா சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். அந்தச் சிரிப்பு மட்டும் நாடகமில்லை, எனக்குத் தெரியும். நான் போனில் படம் பிடித்தேன். அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை சான்றிதழ். அப்பா அதைச் சுவரில், கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். பிறகு கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, கல்யாணப் படத்தை ஓரமாக நகர்த்தினார்.

சனிக்கிழமை.

காலை ஆறு மணி. தேவாலயத்துக்கு எதிரே பஸ் நின்றது. அப்பா தொப்பி, கறுப்புக் கண்ணாடி, வெள்ளைக் கால்சட்டை. அம்மா வழக்கமாக எல்லா மாணவர்களையும் கட்டிக்கொண்டு அழுவாள். இவரையும் கட்டிக்கொண்டு அழுதாள். காகிதம் சுற்றிய பெரிய பரிசு ஒன்றைக் கையில் கொடுத்தாள்.

"பஸ் கிளம்பினப்புறம் பிரிங்க."

"ஒரு பகல் பயணத்துக்கு எதுக்கு இவ்வளவு கண்ணீர், செனெய்தா? சாயங்காலம் வந்துடுவேன்ல?"

அம்மா மூக்கைச் சிந்தினாள். நான் தேவாலய மணிக்கூண்டைப் பார்த்தேன். ஆறு பதினான்கு.

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து மகாராஜா மாதிரிக் கையசைத்தார். பஸ் உறுமியது. பொறுக்க முடியாமல் அப்போதே காகிதத்தைக் கிழித்தார். உள்ளே மூங்கில் கூடை. இடுப்பில் கட்டுகிற வாரோடு, காப்பிப் பழம் பறிக்கிற கூடை. அதற்குள் ரப்பர் பூட்ஸ், பத்து நாளைக்கு உள்ளாடை.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். கூடையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். முன் சீட்டில் இருந்த வைக்கோல் தொப்பி மெதுவாகத் திரும்பியது.

"வாங்க மாப்ளே! டான்ஸ் வீடியோ பார்த்தேன். முட்டி பிரமாதம்!" என்றார் அனீபல் மாமா.

பஸ் நகர்ந்தது. ஜன்னலிலிருந்து பாதி உடம்பு வெளியே வந்தது.

"யோர்லேனி! திரும்பி வர்ற பஸ் எப்போடி?"

ஒரு எழுத்தைக்கூட விழுங்கவில்லை. டோன்யா எர்மெலிண்டாவின் மூக்கை மாட்டிக்கொண்டு நானும் கத்தினேன்.

"உச்சரிப்பு அருமை, மாணவர் எவேலியோ! நூற்றுக்கு நூறு!"