ஒரே பானையில் இரண்டு பேய்க்கணவாய்

ஒரு கொலைக்கு உடந்தையாக இருந்தவன் நான். கெட்ட எண்ணம் ஏதுமில்லை, இரக்கப்பட்டுத்தான் செய்தேன்.

எங்கள் வீராம்பட்டினத்து வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். படித்து முடித்துப் புதுச்சேரியில், ஒரு சாயபுவின் சரக்குக் கிடங்குக்குப் பின்னால் அறை பிடித்தேன். பேச ஆளில்லை. சுவரோடு பிரெஞ்சில் பேசுவேன். (சுவர் பிழை கண்டுபிடிக்காது.)

அப்போது ஒரு பள்ளியில் உதவி ஆசிரியர் வேலை காலியானது. பிரெஞ்சுக்காரத் தலைமையாசிரியர் முன் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அவருக்குப் பிடித்தால் வேலை. எட்டுக் கை படைத்த பேய்க்கணவாயைப் பற்றி நடத்துவதென்று முடிவு செய்து, உயிரோடு ஒன்று வேண்டுமென, ஊரில் கடலுக்குப் போய் வலை போடும் என் அப்பாவுக்கு, நைனாவுக்கு, சொல்லியனுப்பினேன்.

பாடத்துக்கு முதல் நாள் மாலை நைனா இரண்டு பானைகளோடு வந்தார்.

"எதுக்கு நைனா ரெண்டு?"

"ஒண்ணு செத்தா இன்னொண்ணு இருக்கட்டும். ரெண்டையும் ஒண்ணா மட்டும் போட்டுடாத. பாறை இடுக்குல தனியா கெடக்குற ஜந்து அது. பக்கத்துல இன்னொண்ணு வந்தா ஆவாது."

"புஸ்தகத்துல அப்பிடி இல்லியே!"

"புஸ்தகம் எந்தக் கடல்ல வல போட்டுச்சி?" என்றபடி கிளம்பிவிட்டார்.

தனித்தனிப் பானை, தனித்தனி இருட்டு. எனக்குப் பாவமாயிருந்தது. (கணவாய்க்காக என்றுதான் நினைத்தேன்.) ஒன்றைத் தூக்கினேன். என் கையைச் சுற்றிக்கொண்டு விட மறுத்தது. பிய்த்தெடுக்க எனக்கும் மனமில்லை. ஒருவழியாக மற்றதன் பானையில் விட்டுத் துணி கட்டினேன். படுத்தபின் பானைக்குள் சலசலப்பு கேட்டது. பேசிக்கொள்கின்றன என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் வகுப்பில் பிரெஞ்சில் முழங்கினேன்: "இது பாறை இடுக்கிலும் காலிச் சங்கிலும் ஒளிந்து வாழும். பாறையின் நிறத்துக்கே மாறும். பயந்தால் மை கக்கிவிட்டு ஓடும். பரம சாது. இதோ, இரண்டு பேய்க்கணவாய்கள்!"

துணியை அவிழ்த்தேன். நன்றாகப் பருத்த ஒன்று இருந்தது. பக்கத்தில் மூன்று கைகள் மட்டும் மிதந்தன.

"மற்றது எங்கே?" என்றார் தலைமையாசிரியர்.

"அதுவும் உள்ளேதான் இருக்கிறது, முசியே."

வகுப்பு சிரித்து அடங்க வெகு நேரமாயிற்று. முசியே மட்டும் சிரிக்கவில்லை. வேலை வேறொருவருக்குப் போனது. நான் இப்போது ஒரு வக்கீலிடம் நகல் எழுதுகிறேன். அதே அறை, அதே சுவர்.

பானைக் கதை எனக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால், படித்த பிள்ளையென்று அம்மா எனக்கு மட்டும் தனியாக முக்காலி போட்டுச் சோறு வைப்பாள். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு தரையில் தம்பி அருகே போய் உட்காருவேன். அவன் உடனே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வான்.

"நைனா, அண்ணன் பக்கத்துல வந்துடுச்சி!"

வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவன் கையை வெளியே எடுக்கும்வரை சோற்றில் கை வைக்காமல் காத்திருப்பேன்.