ஜெனரல் பெரிஷேவும் பாரிஜாதம் நகர்த் தட்டுக்கடையும்

உலக வரலாற்றை இரண்டு பாகமாகப் பிரிக்கலாம். ஜெனரல் பெரிஷேவ் பிறப்பதற்கு முன்பு ஒன்று. அவருடைய வாழ்க்கை வரலாற்றைத் திருவனந்தபுரம் கோலப்பன் படித்து முடித்த பின்பு மற்றொன்று. இடையில் நடந்த விவகாரங்களை நிர்வாகக் காரணங்களுக்காக விட்டுவிடலாம்.

கோலப்பன் நாஞ்சில்நாட்டு வம்சம். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஓய்வுபெற்று, பாரிஜாதம் நகர் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷனின் ஜாயின்ட் செகரட்டரியாகத் தொண்டாற்றி வந்தார். அந்தப் பதவிக்கு உரிய அதிகாரம், கூட்டம் முடிந்ததும் மின்விசிறியை அணைப்பது. வரும் ஓணத்தோடு தலைவர் ஷாஜி ஒதுங்கிக்கொள்கிறார் என்று தெரிந்ததிலிருந்து அந்த நாற்காலி மேல் கோலப்பனுக்கு ஒரு கண். ஒரு கண் என்பது அவையடக்கம். இரண்டுமே அங்கேதான் இருந்தன. ஆனால் அதில் இதுவரை ஒரு தமிழர் உட்கார்ந்ததில்லை.

ஜெனரலைக் கண்டெடுத்துக் கொடுத்தவள் மகள் மீனு. ஜார்ஜியாவில் டாக்டருக்குப் படிக்கிறவள், விடுமுறைக்கு வரும்போது அங்கிருந்து ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் வாங்கி வந்தாள். கோலப்பன் அதைப் படித்தார் என்று சொன்னால் போதாது, அதற்குள் குடியேறினார்.

ஜெனரல் ஜார்ஜியாவின் மலைக்கிராமம் ஒன்றில் பெரிஷ்விலியாகப் பிறந்தார். மீசை முளைத்ததும் ரஷ்யப் படையில் சேர்ந்து, பெயரின் வாலை நறுக்கிப் பெரிஷேவ் ஆனார். துருக்கியரோடு சண்டையிட்டதில் இடது காது போயிற்று. பிரெஞ்சுக்காரரோடு மோதியதில் சில விரல்கள் போயின. உடம்பு குறையக் குறையப் பதக்கம் கூடியது. பிறகுதான் அவர் வாழ்க்கையின் சிகரம் வந்தது. அவருடைய சொந்தச் சீமையிலேயே விவசாயிகள் வரி கொடுக்க மறுத்து மலையேறிவிட்டார்கள். ஜார் சக்கரவர்த்தி அவரைக் கூப்பிட்டு, "உம்முடைய ஆட்கள்தானே, உம்முடைய மொழியில் சொல்லும்" என்றார். ஜெனரல் போய்த் தாய்மொழியில் கனிவாகப் பேசினார். இறங்கி வாருங்கள், ஒன்றும் ஆகாது என்றார். நம்பி இறங்கினார்கள், ஆக வேண்டியதெல்லாம் ஆனது. ஜெனரலுக்குத் தங்கப் பிடி போட்ட வாள் கிடைத்தது.

"தாய்மொழிப் பற்றுன்னா இதுதாம் மக்களே!" என்றார் கோலப்பன்.

"அப்பா, நாங்க அவரு ஊருக்கு ட்ரிப் போயிருந்தோம்" என்றாள் மீனு. "வயசான காலத்துல அவரு அங்க திரும்பி வந்தாராம். அவரு ஜார்ஜியன்ல பேசப் பேச, எல்லாரும் ரஷ்யன்லதான் பதில் சொன்னாங்களாம். சாகுற வரைக்கும் ஒரு ஆளுகூட சொந்த பாஷையில ஒரு வார்த்தை மிண்டலையாம்."

"பாத்தியா! ஜெனரலுக்கு மரியாதை குடுக்கணும்னே ஒரு ஊரு முழுக்க ரஷ்யன் படிச்சிருக்கு!"

மீனு புத்தகத்தை எடுத்து மூடி வைத்தாள். பிறகு பெட்டி அடுக்கப் போய்விட்டாள்.

அவள் விமானம் ஏறிய வாரமே ஷாஜி கோலப்பனைத் தேடி வீட்டுக்கு வந்தார். காரியம் ஆக வேண்டியிருந்தால் மட்டும் ஷாஜி தமிழ் பேசுவார்.

"கோலப்பன் சாரே, நம்மட கேட் பக்கத்துல அந்தத் தட்டுக்கடை. நகருக்கு ஒரு ஸ்டாண்டர்டு வேண்டே? எடுத்து மாத்த நான் பறஞ்ஞா அந்தப் பொம்பள கேக்கல. செக்யூரிட்டி போனா கரண்டி எடுத்துக் காட்டுது. சாரோட ஆளல்லே, சாரோட பாஷையில ஒண்ணு சொல்லணும்."

கோலப்பனுக்குப் புல்லரித்தது. ஜார் சக்கரவர்த்தியே முண்டு கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"ஓணத்துக்குத் தலைவர் தேர்வு வருதில்லா..." என்று இழுத்தார்.

"அது பின்னே பறயணுமா சாரே!" என்றார் ஷாஜி. ஒன்றும் சொல்லாமலே எல்லாம் சொன்னது போல இருந்தது.

தட்டுக்கடைக்காரி சுடலைமாடத்தி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கணவன் கட்டட வேலையில் விழுந்து செத்த பிறகு, அந்த வண்டியில் தோசை சுட்டுப் பிழைக்கிறவள். கோலப்பன் ஜெனரலைப் போலவே கனிவாக நெருங்கினார்.

"எம்மா மாடத்தி, உன் நல்லதுக்குத்தாம் சொல்லுகேன், கேட்டியா. இங்க டைல்ஸ் போடப் போறாவ. ஓணம் வரைக்கும் வண்டியை வேற எங்கயாவது மாத்திக்கோ. முடிஞ்ச மறுநாளே இதே எடம். நான் பொறுப்பு."

"வேற யாரு சொல்லியிருந்தாலும் நகந்திருக்க மாட்டேன் அண்ணாச்சி. இத வச்சுத்தான் பிள்ளையளுக்குக் கஞ்சி ஊத்துதேன்" என்றாள் அவள். "ஆனா நீங்க நம்ம ஆளு. நீங்க பொய் சொல்லவா போறீய?"

ஒரு தோசையை மடித்து அவர் கையில் கொடுத்தாள். காசு வாங்க மறுத்துவிட்டாள். கோலப்பனுக்கு உள்ளே ஏதோ குத்தியது. ஜெனரலுக்கும் குத்தியிருக்கும், அதையும் தாங்கியதால்தான் அவர் ஜெனரல் என்று தேற்றிக்கொண்டு தோசையைச் சாப்பிட்டார்.

வண்டி போன மறுநாளே அந்த இடத்தில் பூந்தொட்டி வைத்து, இதயப் படம் போட்டு, 'செல்ஃபி பாயின்ட்' திறந்தார்கள். வாட்ஸ்அப் குழுவில் கோலப்பன் சாருக்குக் கைதட்டல் கொட்டியது.

ஓணக் கூட்டத்தில் வெள்ளை வேட்டியும் பட்டுச் சட்டையுமாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். சட்டைப்பையில் தலைவர் உரை தயாராக இருந்தது. ஜெனரலில் தொடங்கி ஜெனரலிலேயே முடிவது. புதிய தலைவராக ரெஜி என்பவர் 'ஏகமனதாக'த் தேர்ந்தெடுக்கப்பட்டார். ரெஜி அந்தத் தெருவுக்குக் குடிவந்ததே விஷுவுக்குப் பிறகுதான்.

"ஷாஜி, அப்பம் நான்?" என்றார் கோலப்பன்.

"சாருக்கு வெறும் தலைவர் போதுமோ? சாரு நம்மட ரக்ஷாதிகாரி!"

ரக்ஷாதிகாரி என்பது மலையாள நாடு மனித குலத்துக்கு அளித்த மகத்தான பதவி. பெயர் நோட்டீஸின் உச்சியில் இருக்கும், ஆள் மேடையின் ஓரத்தில் இருப்பார், ஓட்டு இருக்காது. பொன்னாடை போர்த்தினார்கள். மின்விசிறி அணைக்கும் அதிகாரமும் ரெஜியின் மச்சானுக்குப் போனது. பின்வரிசையில் யாரோ, ஒரு தமிழ்நாட்டுக்காரியை இப்போதுதான் அனுப்பினோம், அதற்குள் ஒரு தமிழன் தலைவரா என்று சிரித்தது அவர் காதில் நன்றாகவே விழுந்தது. ஜெனரலைப் போல ஒரு காது இல்லாமல் இருந்திருக்கலாம்.

மனசு ஆறாமல் அடுத்த நாள் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனார். உடைத்துவிட்டுத் திரும்பினால் பக்கத்துச் சந்தில், சாக்கடை ஓரமாக, அதே வண்டி. சுடலைமாடத்தி ஒரு லோடுமேனிடம், "எண்ணே, இன்னும் கொஞ்சம் சட்னி ஊத்தட்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தமிழைக் கேட்டதும் கோலப்பனுக்குக் கண் கலங்கியது.

"எம்மா மாடத்தி! இங்கயா இருக்க? சௌக்கியமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்தா வேண்டது, சாரே?"

"நாந்தாம்மா, அண்ணாச்சி! உன் எடத்துக்கு நான் ரெஜிட்ட பேசுகேன்..."

"தோச எத்ர வேணம், சாரே?"

குரலில் கோபம் இல்லை. வாழையிலை போட்டுத் தோசை வைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் நீட்டிய காசை எண்ணி வாங்கி, "சரி சாரே" என்றாள்.

ஜெனரலுக்கு அவர் ஊர் கொடுத்த அதே மரியாதை. ஒரு விஷயத்தில் கோலப்பன் தன் ஜெனரலையும் மிஞ்சிவிட்டார். தன் ஆட்களை விற்க ஜெனரல் தங்கப் பிடி போட்ட வாள் கேட்டார். கோலப்பன் ஒரு பொன்னாடைக்கே கொடுத்துவிட்டார்.