கொழுந்து மடுவத்தில் ஒரு நேர்முகத் தேர்வு

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் வெளிநாடு போகிறாள் என்றால், கேட்பவர் வாயிலிருந்து வரும் அடுத்த கேள்வி "குவைத்தா, சவூதியா?" என்பதுதான். நான் "மாலைத்தீவு" என்று சொன்னபோது பக்கத்துக் காம்பரா வீட்டு மாரியாயி அத்தை மிகுந்த அக்கறையோடு விசாரித்தார்: "அங்கயெல்லாம் வீடு பெருசா இருக்குமா புள்ள? கூட்டிப் பெருக்க கஷ்டமில்லையே?"

நான் போக நினைத்தது கூட்டிப் பெருக்க அல்ல, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்க. இலங்கை மலையகத்தில், லிந்துலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, ஹட்டனில் ஆங்கில டிப்ளோமா முடித்திருந்தேன். படிக்கவைத்தவர் அம்மா. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு, திரும்பி வந்து மறுபடி கொழுந்துக் கூடையைத் தூக்கியவர். அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"போறதுன்னா டீச்சரா போ. நாலு பேரு உன்னைய 'மெடம்'னு கூப்பிடணும். நீ யாரையும் கூப்பிடக் கூடாது."

இதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மகளுக்கு மாலைத்தீவில் டீச்சர் வேலை கிடைத்துவிட்டது என்று தோட்டம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். "இன்டர்வியூ மட்டுந்தான் பாக்கி" என்பதைக் கடைசியில் மெதுவாகச் சேர்த்துக்கொள்வார். ஏற்கெனவே இரண்டு பள்ளிக்கூடங்கள் என் விண்ணப்பத்துக்குப் பதிலே போடவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

நேர்முகத் தேர்வு வீடியோவில். எங்கள் லயத்துத் தகரக் கூரைக்குள் சிக்னல் வராது. தோட்டத்தில் ஒழுங்காக வரும் ஒரே இடம், மேட்டில் இருக்கும் கொழுந்து மடுவம். கொழுந்து நிறுக்கும் கொட்டகை அது. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை பெண்கள் நிறுக்க வருவார்கள். இடையில் காக்காய்கூட இருக்காது. தேர்வு சரியாக அந்த இடைவெளியில் விழுந்தது. என் திட்டமிடும் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

தராசுக் கொக்கியிலிருந்து அம்மாவின் பூப்போட்ட படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு, பின்னால் இருக்கும் சாக்குகளை மறைத்தேன். கணக்கப்பிள்ளையின் மேசையில் போனைச் சாய்த்து வைத்தேன். இடுப்புக்கு மேலே நான் ஒரு கல்லூரி விரிவுரையாளர். இடுப்புக்குக் கீழே சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகி, அட்டைப்பூச்சி ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரம் பூசியிருந்தேன்.

நேரத்துக்கு இணைந்தேன். எதிரே யாருமில்லை. திரையில் என் முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. சிரிப்பை நிறுத்தும் நொடியில் வந்துவிடுவார்களோ என்று பயந்து, தாடை வலிக்கும்வரை சிரித்தேன். மூன்றாவது பள்ளிக்கூடமும் கைவிட்டுவிட்டது என்று நான் முடிவு கட்டிய பிறகு, பள்ளி அதிபரும் முக்காடு போட்ட ஒரு மூத்த ஆசிரியையும் திரையில் வந்தார்கள். அவர்கள் தாமதிக்கவில்லை. மாலைத்தீவின் கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி பின்னால் ஓடுகிறது. (அந்த நாட்டில் என்னென்ன மீன் பிடிபடும் என்பதுவரை படித்துவைத்திருந்தேன். கடிகாரத்தைப் படிக்கவில்லை.)

முதல் கேள்விகளுக்கு, இணையத்தில் வெள்ளைக்காரர்களைப் பார்த்துப் பழகிய உச்சரிப்பில் பதில் சொன்னேன். ஒவ்வொரு பதிலுக்கும் அதிபர் "சொரி?" என்றார். சிக்னல் பிழை என்று நினைத்து இன்னும் அழுத்தமாக உச்சரித்தேன். பிறகு ஆசிரியை, "மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எதிரே இருப்பதாக நினைத்து ஒரு பாடம் நடத்துங்கள்" என்றார்.

நினைத்தேன். கொஞ்சம் அதிகமாகவே நினைத்துவிட்டேன். குடையைத் தூக்கி "வாட் இஸ் திஸ்?" என்று கேட்டு, வராத பதிலுக்கு "வெரி குட், அலி!" என்று கைதட்டினேன். பேசிக்கொண்டிருந்த பாத்திமாவை உட்கார வைத்தேன். அலி அவள் தலைமுடியை இழுத்தபோது அவனைக் கண்டிக்கவும் செய்தேன்.

தேர்வு அரை மணி தள்ளிப்போனதன் பலனாக, அந்த நேரத்தில்தான் விரிப்புக்குப் பின்னால் மத்தியானக் கொழுந்து வந்து சேர்ந்தது.

"யாருகிட்டடி பேசுது இந்தப் புள்ள?"

"ஒருத்தரையும் காணோமே. அலி, அலிங்குது."

"யாரு அந்த அலி?" என்றது இன்னொரு குரல். உடனே மாரியாயி அத்தை மலைக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டார். "ஏ பாண்டியம்மா! ஓடியா! ஒம் மக அலின்னு ஒரு பயலோட பேசிக்கிட்டு நிக்கிது!"

பாண்டியம்மா என் அம்மா.

நான் பாடத்தை நிறுத்தவில்லை. எப்படியாவது சமாளித்துவிடலாம் என்ற நம்பிக்கை அப்போதும் இருந்தது. நிறுக்க வந்த கணக்கப்பிள்ளைக்கு அலியும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம், தராசு வேண்டும். "இது யாரு வேலைங்க?" என்று கேட்டபடி கொக்கியிலிருந்து விரிப்பை உருவினார். அது நேராக என் தலையில் விழுந்தது. பூப்போட்ட விரிப்புக்குள் இருந்து "பாத்திமா, டோன்ட் டோக்!" என்று என் குரல் மட்டும் வெளியே போயிருக்கும்.

வெளியே வந்து பார்த்தால் போன் திரை நிறையப் பெண்கள். தலையில் கொங்காணித் துணி, முதுகில் கூடை. அத்தனை பேரும் என் தோளுக்கு மேலால் எட்டி அலியைத் தேடினார்கள்.

"இவர்கள் உங்கள் மாணவிகளா?" என்று ஆசிரியை ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தார். திரையில் முக்காடு போட்ட அந்த அம்மாளைக் கண்டதும் கையைச் சேலையில் துடைத்து, முதுகை நிமிர்த்தினார்.

"ஸலாமலைக்கும் மெடம். மை டாட்டர் குட் கேர்ள். குக்கிங் நோ. ஸ்டீலிங் நோ. ரன்னிங் நோ. நைட் டைம் ஸ்லீப்பிங் லிட்டில்."

அது குவைத்துக்குப் போகுமுன் ஏஜென்சிக்காரன் மனப்பாடம் செய்யக் கொடுத்த வசனம். முதல் 'நோ'வுக்குத் தெரியும் என்று அர்த்தம். மற்ற இரண்டுக்கும் கிடையாது என்று அர்த்தம்: களவெடுக்க மாட்டாள், வீட்டைவிட்டு ஓட மாட்டாள். எனக்கு விளங்கியது. அவர்களுக்கு எந்த 'நோ' எப்படி விளங்கியதோ, இருவரும் அசையவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நம்பப் பார்த்தேன். ஆனால் அவர்களுக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அம்மா நெஞ்சைத் தொட்டு, 'மீ, குவைத், ஹவுஸ் வேர்க்' என்று சேர்த்தார். ஆசிரியை அம்மாவிடம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். "நீங்கள் வெளிநாட்டில் இருந்தபோது, மகளை யார் பார்த்தது?"

அம்மா திரும்பி, பின்னால் நின்ற அத்தனை பேரையும் கையால் காட்டினார். "திஸ் ஆல் மம்மி."

தங்களைத்தான் சொல்கிறார் என்று தெரிந்ததும் எல்லோரும் போனைப் பார்த்துக் கையசைத்தார்கள். மாரியாயி அத்தை இரண்டு கையையும் அசைத்தார்.

நான் போனைக் கையில் எடுத்தேன். வெள்ளைக்கார உச்சரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: "இவர் என் அம்மா. இது கொழுந்து நிறுக்கும் இடம். வீட்டில் சிக்னல் இல்லை. மன்னிக்கவும்."

"இன்று நீங்கள் பேசியதில் எங்களுக்கு முழுசாக விளங்கியது இதுதான்" என்றார் அதிபர். முடிவை அறிவிப்பதாகச் சொல்லி விடைபெற்றார்கள்.

வீட்டுக்கு இறங்கும் வழியெல்லாம் நான் அம்மாவுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். லயத்து வாசலில்தான் வெடித்தேன். "நான் டீச்சர் வேலைக்குத்தானே கேட்டேன்? ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"குவைத்துக்குப் போகையில என்னைய அதத்தான் கேட்டாங்க. நீயா சொல்லுவேன்னுதான் பாத்தேன். நீ அலிகிட்டயே பேசிக்கிட்டு இருந்த."

இரண்டு வாரம் நான் வெளியே தலைகாட்டவில்லை. பிறகு வேலை கிடைத்துவிட்டதாகத் தகவல் வந்தது. எனக்கே நம்பிக்கையில்லை, ஆள் மாறிவிட்டதோ என்று திருப்பி எழுதிக் கேட்டேன். மாறவில்லை.

இப்போது அந்தத் தீவில்தான் படிப்பிக்கிறேன். ஒருநாள் பாடசாலை விட்ட பிறகு அந்த ஆசிரியையிடம் துணிந்து கேட்டேன், என்னை எதற்காக எடுத்தீர்கள் என்று.

"மற்றவர்கள் உன்னைவிட நன்றாகப் பாடம் நடத்தினார்கள்" என்றார். (ஆறுதலுக்குக்கூட ஒரு பொய் சொல்லவில்லை.) "ஆனால் இது சின்னத் தீவு. வருகிற டீச்சர்மார் ஒரு பள்ளித் தவணை முடியுமுன் வீட்டு ஞாபகத்தில் ஓடிப்போகிறார்கள். உன் அம்மா ஒருவர்தான் 'ரன்னிங் நோ' என்று உறுதி தந்தார்."

இதை நான் போனில் அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. தோட்டத்தில் இப்போது எந்தப் பிள்ளைக்கு வீடியோவில் இன்டர்வியூ வந்தாலும், அம்மா நல்ல சேலை உடுத்திக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறாராம். அண்மையில் மாரியாயி அத்தையின் பேத்திக்குக் கொழும்பில் வங்கி வேலைக்கு அழைப்பு வந்தது. கிடைக்கவில்லை. அம்மாவுக்கு அதில் ஒரு ஆச்சரியமும் இல்லை.

"நான் 'ஸ்டீலிங் நோ'ன்னு ஆரம்பிக்கையிலயே அந்தப் புள்ள என் வாயைப் பொத்திருச்சு" என்றார். "அதச் சொல்லாம பேங்க்குல எவன் வேலை குடுப்பான்?"